காலி ஏரியின் எடைக்கல்

விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய அந்த ஏரிக்குப்
பெயர் காலி.
நான் பார்த்தவரை நிரம்பித்தான் கிடந்தது.

அதன் கரையில் பொறுக்கிய இரும்பை உருக்கி
கொல்லன் டீட்ரிக் ஓர் எடைக்கல் வார்த்தான்,
ரீகா வணிகரின் கள்ளத் தராசுக்கு எதிராக.
ஒரு ராத்தல். பிடி இல்லை, முத்திரை இல்லை.
வைத்திருப்பவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ
முள்ளும் அந்தப் பக்கம்.
அவ்வளவுதான் மாயம்.
இடி இல்லை. புகை இல்லை.

முதலில் லேனுவிடம் போனது.
உப்பு ஹெர்ரிங் விற்பவள். சாரேமா தீவில்
அவளைவிட நல்லவர் அந்தக் குளிர்காலத்தில் எவருமில்லை.
விதவைக்கு ராத்தல் கேட்டால் ஒன்றரை விழும்,
பண்ணைத் துரைக்கு முக்கால்.
ஊர் வாழ்த்தியது. நானும்.
பிறகு அவள் உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்:
யார் உண்மையான ஏழை,
யார் நன்றியோடு குனிகிறார்,
யார் பாதிதான் குனிகிறார்.
மூன்றாம் ஆண்டில் நாங்கள்
கிழிந்த சால்வையை இரவல் வாங்கிப்
போர்த்திக்கொண்டு மீன் வாங்கப் போனோம்.
நல்ல சால்வையோடு போன அன்னுவின் பிள்ளைக்கு
வாலும் செதிலும்.
அழுதுகொண்டேதான் எடை போட்டாள் லேனு.
கண்ணீர் பொய்யில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பாதிரியார் யோவாகிம் அதைத் தொடவே இல்லை.
இடுக்கியால் எடுத்து, ஒன்பது துணியில் சுற்றி,
பெட்டிக்குள் பெட்டி வைத்துப் பூட்டினார்.
தொடாதவரை என்ன செய்துவிடும்?
இரவில் எழுந்து பூட்டைத் தடவிப் பார்ப்பார்.
பிறகு நாற்காலியைப் பெட்டியருகே இழுத்தார்.
பிறகு கட்டிலை.
அந்த ஈஸ்டருக்கு மணி அடிக்கவில்லை.
செத்துப்போன மீனவன் ஒருவன்
ஜெபத்துக்காக நாலு நாள் பனியில் காத்திருந்தான்.
அவரோ தன்னைக் காத்துக்கொண்டிருந்தார்.

குடிகாரன் மாட்ஸ் அதைத் திருடினான்.
இவன் கதை நீளும் என்று நினைப்பீர்கள்.
ஒரு புட்டி சாராயத்துக்கு மேல்
நீளாத ஆசை அவனுடையது.
கல் அவனுக்குள் இறங்கித் துழாவிப் பார்த்தது,
பிடித்துத் தொங்க ஓர் ஆணிகூட இல்லை.
நல்லவன் என்று சொல்ல வரவில்லை,
குதிரையை அடிப்பான்.
சூதில் அதைப் பணயம் வைத்துத்
தோற்றான், சிரித்துக்கொண்டே.

வென்றவனின் மகள் வீயு. ஏழு வயது.
அவளுக்கு அது ஹேசல் கொட்டை உடைக்கும் கல்.
முதல் நாள் பாதி சொத்தை.
மறுநாள் ஒன்றுகூடச் சொத்தையில்லை.
கேட்ட பருப்பு, கேட்ட இனிப்பு,
ஒருமுறை, கேட்டாள் என்பதால், ஒரு நீலப் பாசிமணி.
ஒரு வாரத்தில் கொட்டைமேல் ஆசை போயிற்று.
காட்டின் மேலும்.
படியில் உட்கார்ந்து கல்லை உருட்டியபடி
"அப்புறம்?" என்பாள், யாரிடமோ.

அவள் கையிலிருந்து நான்தான் பிடுங்கினேன்.
துறைமுகத்துச் சுங்க எடையாளன், ஹின்ரிக்.
நாற்பது ஆண்டுக் கை சுத்தம்.
ஏரியில் எறிந்துவிடுகிறேன் என்று
எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனேன்.
ஏரி உறைந்திருந்தது.
கோடையில் போனால் பிள்ளைகள் குளிக்கிறார்கள்,
தலையில் விழுந்தால்?
இலை உதிரும்போது எனக்கு மூட்டுவலி.
இது மூன்றாவது பனி.

பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
சரக்கு எதையும் அதை வைத்து நிறுப்பதில்லை.
கம்பு, சணல், மெழுகு எல்லாவற்றுக்கும்
அரசு முத்திரை போட்ட கற்கள் இருக்கின்றன.
இதை மாலையில், அடுப்பருகே,
மனிதர்களுக்கு மட்டும்தான் எடுக்கிறேன்.
ஒரு தட்டில் லேனு, மறு தட்டில் இது.
ஒரு தட்டில் யோவாகிம்.
இவ்வளவு நேரம் சொன்னேனே, அப்படித்தான்.
முள் ஒருமுறைகூட
எனக்கு எதிராகச் சாய்ந்ததில்லை.

வீயு சில நாள் ஜன்னலருகே வந்து நிற்கிறாள்.
கல்லைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறாள்.
அந்தப் பெண்ணை
இன்னொரு முறை நிறுத்துப் பார்க்க வேண்டும்.